உழுவதற்கு முன் ஒரு மழைக்காலம்

ஜவ்வாது மலையடிவாரத்தில், பரமனந்தல் பக்கமோ படவேடு பக்கமோ, அமிர்தியோ ஆலங்காயமோ, இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ வாங்கிப் பத்திரம் முடித்திருக்கும் நண்பர்களுக்கு,

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியாது, வண்டிகளைத் தெரியும். சனிக்கிழமை காலையில் சென்னைப் பதிவெண்ணோடும் கர்நாடகப் பதிவெண்ணோடும் செங்கம் தாண்டி வருகிறீர்கள். நிலத்தில் இறங்கி நின்று நாலாபக்கமும் கையை நீட்டிப் பேசுகிறீர்கள். இங்கே போர், அங்கே வீடு, அந்த மூலை வரைக்கும் மா, ஓரத்தில் தேக்கு. சுற்றிலும் கல்கால் நட்டுக் கம்பிவேலி. அடுத்த வாரமே ஜேசிபி வருகிறது. அதன் பின்னால் டிராக்டரும் ரொட்டவேட்டரும் வருகின்றன. "நிலத்தைச் சுத்தம் பண்ணிட்டோம்" என்று வாட்ஸ்அப்பில் படம் போகிறது. படத்தில் செம்மண் மட்டும் இருக்கிறது.

அந்த அடுத்த வாரத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பங்குனியில் தொடங்கி மார்கழி முடிய ஒரு சுற்று பாருங்கள். அதற்குப் பிறகு எதை உழுவது, எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள். நிலம் உங்களுடையது, உரிமையும் உங்களுடையது. ஆனால் நீங்கள் வாங்கியதில் என்னென்ன இருக்கிறது என்று பத்திரத்திலும் இல்லை, வில்லங்கச் சான்றிலும் இல்லை. தரகருக்கும் தெரியாது. மழை பெய்தால்தான் தெரியும்.

நானும் வெளியிலிருந்து வந்தவன்தான். வேலூரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். நிலம் வாங்கியதோடு கையிருப்பு தீர்ந்துபோனது. வேலிக்கும் காசில்லை, உழவுக்கும் காசில்லை. சும்மா கிடந்த நிலத்தைச் சும்மா வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கரடும் சரளையும், நடுவில் ஒரு பெரிய பாறைப் பலகை, அங்கங்கே ஆவாரை, சூரை, ஒன்றிரண்டு வெட்பாலை, மிச்சமெல்லாம் காய்ந்த புல். இந்த மண்ணில் என்ன வரும் என்று பார்த்தவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள்.

முதலில் வந்தது நரிவெங்காயம். பங்குனி வெயில், ஒரு துளி மழை கிடையாது. இலையே இல்லாமல் வெறும் மண்ணிலிருந்து ஒரு தண்டு மட்டும் முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றது. சாயங்காலமானால் அதில் பழுப்பேறிய வெள்ளைப் பூக்கள் தலைகவிழ்ந்து மலர்ந்தன. இலை வருவது பிறகுதான், மழைக்கு அப்புறம். கீழே கையகல வெங்காயம் ஒன்று போன வருடத்து உணவைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தச் சேமிப்பில்தான் கோடை நடுவே பூக்கிறது. வெங்காயம் என்று பெயர் இருப்பதால் யாரும் வாயில் வைத்துவிட வேண்டாம், நஞ்சு.

சித்திரை, வைகாசியில் இரண்டு இடிமழை விழுந்ததும் அடுத்த கூட்டம். நிலப்பனையைப் பார்க்க வேண்டுமானால் குனிந்தால் போதாது, உட்கார வேண்டும். மடிப்பு மடிப்பான நாலு இலை, பனங்கன்றின் முதல் இலையைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க்காரணம் உடனே விளங்கும். இலைகளின் அடியில், மண்ணை ஒட்டி, ஆறு இதழ் மஞ்சள் நட்சத்திரம் ஒன்று. சூலகம் மேலே வருவதே இல்லை, இலையடியில் மண்மட்டத்திலேயே ஒளிந்திருக்கிறது. காயும் அங்கேயேதான். சித்த வைத்தியத்தில் நிலப்பனைக் கிழங்குக்கு மதிப்பு அதிகம், அதனாலேயே காட்டில் தோண்டித் தோண்டிப் பல இடங்களில் அருகிப்போனது. உங்கள் நிலத்தில் அது இருந்தால், பல வருடங்களாக அங்கே கடப்பாரையோ கலப்பையோ ஆழமாக இறங்கவில்லை என்று பொருள்.

அதோடு சேர்ந்தே வருவது லெடிபூரியா. எங்கள் பக்கத்தில் கேட்டதில் இதற்கு ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், அதனால் அறிவியல் பெயரையே சொல்கிறேன். தரையோடு படிந்த இலையில் ஊதாப் புள்ளிகள், ஒரு சாண் தண்டில் பச்சையும் ஊதாவும் கலந்த குட்டிப் பூக்கள். இந்தப் பேரினத்தில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. நம் செடிக்குத் தென்னாப்பிரிக்கப் புல்வெளியிலும் வீடு இருக்கிறது, செங்கம் தாலுகாவின் சரளைக்காட்டிலும் வீடு இருக்கிறது. இதை ஒரு வியப்புச் செய்தியாகச் சொல்லவில்லை, பின்னால் இது எனக்குத் தேவைப்படும்.

ஆடியிலும் ஆவணியிலும் இங்கே சாயங்கால மழை உண்டு. சென்னைக்காரர்களுக்கு ஐப்பசி மழைதான் மழை. இந்த மலைக்குத் தென்மேற்குப் பருவமும் நன்றாகவே பெய்யும். அதனால் ஆவணிக் காலைகளில் வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் வர வேண்டும், காரணம் இருக்கிறது. விஷ்ணுகிராந்தியின் நீலப்பூ சட்டைப் பொத்தான் அளவுகூட இராது, உச்சிக்கு முன்பே சுருங்கிவிடும். கானாவாழையின் நீலமும் அப்படித்தான், காலையில் விரிந்து நண்பகலில் கரைந்துவிடும். தாமதமாக எழுந்து இட்லி சாப்பிட்டு வண்டி எடுத்து வருகிறவர் பார்ப்பது வெறும் பச்சை. "ஒன்றுமே பூக்கவில்லையே" என்று அவர் சொல்வது அவருடைய கடிகாரப்படி சரி.

கானாவாழையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. வயலில் அதைக் களை என்று பிடுங்குகிறோம், மாட்டுக்குப் போடுகிறோம், சில வீடுகளில் கீரையாகவும் சமைக்கிறார்கள். அகலமான இலையுள்ள சாதாரணக் கானாவாழையைப் பக்குவமாக வேரோடு எடுத்துப் பாருங்கள். மண்ணுக்குள் வெளுத்த தண்டுகளில் விரியாத மொட்டுகள் இருக்கும். அவையும் பூக்கள்தான். வெளிச்சத்தையே பார்க்காமல், தங்களுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்து, மண்ணுக்கடியிலேயே விதை வைத்துவிடும். மேலே பூச்சி வந்தாலும் வராவிட்டாலும், ஆடு மேய்ந்தாலும் மேயாவிட்டாலும் கீழே வேலை நடக்கிறது. வரப்போரத்தில் கிடக்கும் ஒரு களைக்கு இவ்வளவு ஏற்பாடு.

ஓரிதழ்தாமரையைப் புல்லுக்குள் தேட வேண்டும். இதழ் ஐந்து உண்டு. நான்கு மிகச் சிறியவை, ஐந்தாவது மட்டும் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ பெரிதாக விரிந்திருக்கும். வண்டு வந்து உட்கார அந்த ஒன்று போதும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் தரையோடு படரும் அவுரி இனத்துச் செடிகளில் குண்டூசித் தலை அளவில் செம்பூக்கள். இந்தியாவின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்று, சிறகு விரித்தால் விரல்நகத்துக்குள் அடங்கிவிடும், அது முட்டையிடும் செடிகளில் இந்த அவுரிகளும் உண்டு. செடியைச் செதுக்கி எடுத்துவிட்டு வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்கு நர்சரியில் ஆர்டர் கொடுக்கும் நண்பர் ஒருவர் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார். அவர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

பிறகு சுடுமல்லி. இதைச் சொன்னால் மேலே ஜமுனாமரத்தூர் பக்கத்து மலையாளிப் பழங்குடி விவசாயிகள் என்னை முறைப்பார்கள். சாமை, சோளம் போன்ற புல்லினப் பயிர்களின் வேரில் தன் வேரைச் சொருகி உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி அது. விதை தூசு போன்றது, மண்ணில் பல வருடம் அசையாமல் கிடக்கும். பக்கத்தில் ஒரு புல்வேர் வளர்ந்து, அதிலிருந்து கசியும் வேதிப்பொருள் எட்டினால்தான் முளைக்கும். கொல்லையில் வந்தால் பிடுங்கத்தான் வேண்டும், பூக்கும் முன்பே. ஆனால் புல்காட்டில் அது தன் பாட்டுக்கு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது, புற்களும் சாகவில்லை. இந்த மலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சந்தனமும் இதே தொழில்தான் செய்கிறது. பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்துக்கொண்டு வளரும் அரை ஒட்டுண்ணி. பறவை போட்ட விதையில் உங்கள் நிலத்திலும் ஒரு சந்தனக்கன்று இருக்கலாம். 2002-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம், வெட்டி விற்பது மட்டும் வனத்துறை வழியாக. "சுத்தம்" செய்யும்போது அதன் கூட வளரும் புதர்களையெல்லாம் எடுத்துவிட்டு, சந்தனக்கன்று ஏன் வாடுகிறது என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆவணி கடைசியில் தரை ஆர்க்கிட். ஆர்க்கிட் என்றால் கண்ணாடிக் கூரைக்குள் தொட்டியில் தொங்குவது என்று நினைத்திருப்பீர்கள். ஹேபனேரியா நம் புல்லுக்குள் நிற்கிறது. பூ வெண்மை, பின்பக்கம் நீளமாகத் தொங்கும் தேன்குழல். அந்தக் குழலின் அடிவரை எட்டும் நாக்கு இரவில் வரும் விட்டில்பூச்சிகளுக்கு இருக்கிறது. இதன் விதையில் உணவே கிடையாது. மண்ணில் ஒரு குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளை உயிர் பிழைக்கும். ஆகவே இந்தச் செடியைத் தோண்டி எடுத்துப்போய் வீட்டுத் தொட்டியில் வைத்தால் அடுத்த மழைக்கு வராது. பூஞ்சை இருக்கும் மண்ணை யார் விற்கிறார்கள்?

வேலிப்புதரில் செரொபீஜியா என்ற கொடி இருக்கிறதா என்று பாருங்கள். லின்னேயஸ் இதன் ஓர் இனத்துக்குக் கிளைவிளக்கு என்ற பொருளில் பெயர் வைத்தார், பூங்கொத்து கோயில் தூக்குவிளக்கைப் போலவே தொங்கும். பூவின் குழலுக்குள் கீழ்நோக்கிய மயிர்கள். வாசனைக்கு உள்ளே போன குட்டி ஈ வெளியே வர முடியாது. மறுநாள் மயிர்கள் வாடிய பிறகு மகரந்தத்தோடு விடுதலை. இந்தக் கொடிக்கும் கீழே கிழங்கு உண்டு. ஆடு மேய்க்கிற பிள்ளைகளும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் அதை அறிவார்கள்.

ஐப்பசியில் பாறைப் பலகையின் ஓரத்தில் நீர் கசியும் இடத்தில் முழங்காலிட்டால் பூச்சி தின்னும் செடிகள் அகப்படலாம். டிரோசெராவின் இலைமயிர்களில் பசைத்துளி மின்னும். ஒரு நூலிழைத் தண்டில் மஞ்சளாகவோ ஊதாவாகவோ பூக்கும் யூட்ரிகுலேரியாவுக்குப் பொறி மண்ணுக்குள். பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணில் தழைச்சத்து கிடையாது, அதனால் இறைச்சி. அந்த மண்ணில் நாம் அன்போடு ஒரு கூடை எரு கொட்டினால் இவை அழிந்து புல் மூடிவிடும்.

பூக்கிறதெல்லாம் நம்முடையதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழியும் மூக்குத்திப்பூண்டு நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. சமாதிகள்தோறும் பூக்கும் நித்தியகல்யாணியின் தாய்நாடு மடகாஸ்கர். பிரம்மதண்டு மெக்சிகோவின் செடி. மூன்றுக்கும் தமிழ்ப்பெயர் உண்டு, மூன்றையும் வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். அதனாலேயே மண்ணின் மைந்தர்கள் ஆகிவிடாது. இவற்றின் மேல் எனக்குப் பகையும் இல்லை, ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். பகை உண்ணிச்செடி மேல்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தது, இன்று ஜவ்வாது மலையின் சாலையோரமெல்லாம் அதுதான். அதன் அடியில் புல்லே வராது, புல்லுக்குள் பூப்பது எங்கே வரும்? தமிழக அரசு 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. உங்கள் நிலத்தில் ஜேசிபிக்குப் பதிலாக ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டென்றால், உண்ணியை வேரடியில் வெட்டி எடுப்பது.

இப்போது அந்த ஆப்பிரிக்க உறவுக்கு வருகிறேன். நம் வருவாய்க் கணக்கில் இப்படிப்பட்ட நிலத்துக்குத் தரிசு என்று பெயர். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று அதிலும் பிரிவு. வெள்ளைக்காரன் வரி வசூலுக்காகப் போட்ட கணக்கு. இன்றைக்கும் மத்திய அரசின் நிலவளத் துறை வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில், 2019 பதிப்பு வரைக்கும், முட்புதர் நிலம் ஒரு வகை. அந்தக் கணக்கில் நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 17 விழுக்காடு தரிசு. மரம் இல்லையென்றால் காடு அழிந்த இடம், ஆகவே மரம் நட வேண்டிய இடம் என்பது பள்ளிக்கூடத்திலிருந்தே நம் தலையில் ஏறிவிட்டது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த ஜயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் முதலானோர் 2016-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் மறுத்தார்கள். ஆசியாவின் வறண்ட புல்லும் சிதறிய மரங்களும் கலந்த நிலங்களில் பல, சிதைந்த காடுகளல்ல, தமக்கென்று நெடுங்கால வரலாறுள்ள சவானாக்கள் என்பது அவர்கள் வாதம். ஆப்பிரிக்காவில் சவானா என்றால் சிங்கத்தோடு சேர்த்துப் படம் எடுக்கிறோம், அதே உறவுச் செடிகள் செங்கம் சாலையில் இருந்தால் தரிசு என்கிறோம். மண்ணுக்கடியில் இத்தனை வகைக் கிழங்கும் வெங்காயமும் பத்து இருபது வருடத்தில் உருவாகிற காரியமல்ல.

மரம் நடுவதை நான் கேலி செய்யவில்லை. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக நினைக்கிறது. சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் மரம் இல்லாமல் கருகிய ஊர்களிலும் நடட்டும். ஆனால் ஒவ்வொரு திறந்த வெளியையும் பார்த்தவுடன் குழி தோண்டத் தோன்றும் கை இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கட்டிப்போடச் சொல்கிறேன். மியாவாக்கி முறையில் நெருக்கமாக நட்ட அரைக் காணிக் காடு மூன்று வருடத்தில் பச்சையாகத் தெரியும். கீழே வெளிச்சம் இருக்காது. நிலப்பனையும் விஷ்ணுகிராந்தியும் வெயில் குடிக்கிற சாதி.

இந்தச் செடிகளுக்குச் சட்டத்தில் பெரிய காப்பும் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் தாவரங்களுக்கென்று ஓர் அட்டவணை சேர்த்தார்கள், அதில் ஆறே வகைச் செடிகள்தான் இருந்தன. 2022 திருத்தத்துக்குப் பிறகுதான் பட்டியல் நீண்டது. உங்கள் நிலத்துத் தேக்கை வெட்ட அனுமதி வாங்க வேண்டியிருக்கும், நூறு வருடத்துப் புல்காட்டைப் புரட்டிப்போட யாரிடமும் கேட்க வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களுக்கும் 1980-களுக்கும் இடையில் தாழ்நிலக் காட்டுப்பூப் புல்வெளிகளில் 97 விழுக்காடு போய்விட்டன. உழவும் உரமும் மறுவிதைப்பும், எல்லாம் அவரவர் சொந்த நிலத்தில் நியாயமாகச் செய்த வேலைதான். இன்று அங்கே வயல் வயலாகப் பூவிதை வாங்கித் தூவுகிறார்கள். நம் நரிவெங்காயத்துக்கும் நிலப்பனைக்கும் விதைப் பொட்டலம் எந்தக் கடையிலும் கிடையாது.

ரொட்டவேட்டர் ஓடினால் என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். அரையடி ஆழம் வரை மண்ணை மாவாக்குகிறது. கிழங்குகள் பெரும்பாலும் அந்த அரையடிக்குள்தான். சில துண்டுகள் முளைக்கும், பல அழுகும். புரட்டிய செம்மண்ணில் முதல் மழைக்கு முளைப்பது பார்த்தீனியம். அதைக் கொல்ல மருந்தடிப்போம், தப்பிய கிழங்கும் போகும். கோடையில் சொட்டுநீர் விட்டால் உறக்கத்தில் இருக்கும் வெங்காயம் ஈரத்தில் அழுகும். ஏற்கெனவே உழுதுவிட்ட இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள், இனி என்ன செய்வது என்று. வரப்பு, பாறையோரம், ஓடைக்கரை, வேலியடி, டிராக்டர் திரும்ப முடியாத மூலை, இவற்றைத் தொடாமல் விடுங்கள் என்றேன். அங்கே மிச்சம் இருக்கும். திரும்பி உள்ளே வர எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல நான் சோசியன் இல்லை.

வேலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பி கட்டி ஆடு மாட்டை அடியோடு நிறுத்திவிட்டால் பூக்கள் பெருகும் என்று எண்ண வேண்டாம். புல் ஆளுயரம் வளர்ந்து, காய்ந்து சரிந்து, கீழே இருப்பதை மூடிவிடும், மாசியில் யாரோ போட்ட பீடியில் தீப்பிடிக்கும். அளவான மேய்ச்சலில்தான் இந்தச் சிறு பூக்கள் இத்தனை காலம் வாழ்ந்திருக்கின்றன. புரட்டாசி வரைக்கும் விட்டு, விதை உதிர்ந்த பிறகு ஆடுகளை உள்ளே விடுவது என் வழக்கம். எங்கள் நிலத்தில் ஆடு ஓட்டி வரும் ஆயா ஒருவர் உண்டு. நான் மண்டியிட்டுப் படம் எடுப்பதைப் பார்த்து ஒருநாள், "என்னா தம்பி தொலைச்ச?" என்றார். பூவைக் காட்டினேன். "அது எப்பவும் இங்கதான் கீது. நீதான் இப்ப வந்துகிற" என்று சொல்லிவிட்டு ஆட்டை அதட்டப் போய்விட்டார். அவரிடம் கேட்டால் எந்தக் கிழங்கை ஆடு தொடாது, எது எந்த மழைக்கு வரும் என்று தெரியும். உங்கள் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். ஆர்க்கிடெக்ட்டிடம் பேசும் முன் அவரிடம் பேசுங்கள். கேட்ட தகவலுக்குக் கூலி கொடுங்கள், பழங்கதை கேட்டது போல நழுவிவிட வேண்டாம்.

இந்தப் பக்கம் பாட்டில் ஏறாத நாடுமல்ல. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னனின் செங்கண்மாதான் இன்றைய செங்கம், அதில் வரும் சேயாறுதான் இந்த மலையில் பிறக்கும் செய்யாறு. கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு அது, எங்கே வழுக்கும், எங்கே என்ன கிடைக்கும் என்று அடி அடியாகச் சொல்லிக்கொண்டே போகும். கால் வைக்கும் முன் தரையைப் பார்க்கச் சொன்ன புலவருக்கு ஜேசிபி தெரியாது.

பெயர் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். பூவை மட்டும் படம் எடுத்தால் யாராலும் சொல்ல முடியாது. இலை, இலையின் பின்பக்கம், தண்டு, செடி முழுவதும், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம், இத்தனையும் வேண்டும். தேதியும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து அருட்தந்தை கே. எம். மாத்யூ 1980-களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் (Carnatic) பகுதித் தாவரத் தொகுதிகளில் ஜவ்வாது மலையும் அடக்கம். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1838 முதல் 1853 வரை தென்னிந்தியச் செடிகளுக்கு வெளியிட்ட படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு நம்மூர் ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். பிற்காலத்தில் அந்தப் பேரினம் வேறொன்றோடு சேர்க்கப்பட்டுப் பெயர் புழக்கத்திலிருந்து போய்விட்டது, அதற்காக நான் இன்னும் வருத்தப்படுகிறேன்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சிப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். வேம்பு, புளி, மா என்று நின்றிருந்தால் நீங்கள் பார்த்ததைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: தரை ஆர்க்கிட், நிலப்பனை, செங்காந்தள் இருக்கும் இடத்தைப் படத்தோடும் வரைபடத்தோடும் ஊருக்கெல்லாம் அறிவிக்காதீர்கள். கிழங்கு வியாபாரிக்கும் வாட்ஸ்அப் உண்டு. செங்காந்தளின் விதைக்கும் கிழங்குக்கும் மருந்துச் சந்தையில் விலை இருக்கிறது. மாநிலப் பூ என்ற மரியாதை கடப்பாரையைத் தடுக்காது. அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு என்பதையும் குழந்தைகளோடு வருகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

வீடு கட்ட வேண்டாம், மா வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து ஏக்கரில் நாலு ஏக்கருக்கு உங்கள் திட்டம் நடக்கட்டும். எந்த நாலு என்பதை மழைக்குப் பிறகு முடிவு செய்யுங்கள் என்கிறேன். பலருக்கு இதில் வசதியும் உண்டு. மண் ஆழமான பக்கம் மாவுக்கு ஆகும். சரளையும் பாறையுமான பக்கத்தில்தான் பெரும்பாலும் இந்தப் பூக்கள் இருக்கும், அங்கே எப்படியும் மா வராது. டிராக்டர் வாடகை மிச்சம்.

வருகிற ஆவணியில் என் நிலத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், பத்தரைக்கு மேல் நீலம் எதுவும் இருக்காது. வண்டியைச் சாலையிலேயே நிறுத்துங்கள், நிலத்துக்குள் ஓட்ட வேண்டாம். முட்டி தேயாத பழைய பேன்ட் ஒன்று, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, குடிக்கத் தண்ணீர். ஆயாவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கி வந்தால் கூடுதலாகச் சில இடங்களைக் காட்டுவார்.

இப்படிக்கு,
பரமனந்தல் சாலையில் உங்கள் பக்கத்து நிலத்துக்காரன்